குடியிருக்கும்போதே கூட்டிக் கட்டுவது

போன மாதம் ஒரு நாள், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான்: "அண்ணே, வீஎம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே மெமரி கூட்டலாமா?" வீஎம் என்றால் மெய்நிகர் இயந்திரம், ஒரு பெரிய கணினிக்குள் தனிக் கணினி போல ஓடுவது. நான் வேறு ஏதோ வேலையில் இருந்தேன். "கூட்டலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். அன்று மாலை ஹட்டனிலிருந்து கொட்டகலைக்கு பஸ்ஸில் நின்றபடி வரும்போது அந்த ஒற்றைச் சொல் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. நான் சொன்னது பொய்யில்லை. கூட்டலாம்தான். ஆனால் அதே சொல்லை நம்பித்தான் ஒரு முறை இரண்டு தோட்டத்துச் சனங்களின் சம்பளத்தை ஒரு நாள் பிந்த வைத்தேன். அதை அவனிடம் சொல்லாமல் வெறும் "கூட்டலாம்" என்று விட்டுவிட்டு வந்தது சரியில்லை என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்தாம் திகதி

எங்கள் வேலை தோட்டக் கணக்கு. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடம்) நிறுத்த கொழுந்தின் கிலோ, செக்ரோல் என்ற வரவுப் பதிவில் விழுந்த பேர் (ஒரு நாள் வேலை), அரைப்பேர், அளவுக்கு மேல் எடுத்த மேல் கிலோ, 25ஆம் திகதி எடுத்த முற்பணம், சங்கச் சந்தா, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கழித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு சம்பளத் துண்டு அச்சடித்து, வங்கிக்கு ஒரு கோப்பு அனுப்ப வேண்டும். சம்பளம் பத்தாம் திகதி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தத் திகதி என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. கடைக்காரர் கொப்பியைத் திறந்து வைத்திருப்பதும், பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொன்ன வாக்கும், அடகுக் கடைக்குக் கட்ட வேண்டிய வட்டியும் எல்லாம் அந்த ஒரு நாளில்தான் வந்து நிற்கும். அரைப்பேர் என்ற சொல்லின் வலியும் எனக்குத் தெரியும். நாள் முழுக்க மழையில் நின்று கொழுந்து எடுத்து, கிலோ கொஞ்சம் குறைந்ததால் பாதி நாள் மட்டும் கணக்கில் விழுந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆகவே இந்தக் கணக்கை எனக்கு வெறும் தரவாகப் பார்க்க வராது.

அலுவலகத்தில் 64 ஜீபி மெமரியோடு ஒரே ஒரு பெரிய சேர்வர் இருக்கிறது. அதன்மேல் கேவிஎம் என்ற மென்பொருளில் ஐந்து மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன. தரவுத்தளம் இருக்கும் வீஎம்முக்கு அப்போது 8 ஜீபி கொடுத்திருந்தேன். அதைப் புதிதாக அமைத்த நாளிலேயே, உச்சவரம்பு 32 ஜீபி, அதற்கு மெமரி சொருக 16 இடங்கள் என்று அமைப்புக் கோப்பில் எழுதி வைத்திருந்தேன். பின்னால் தேவைப்பட்டால் ஓட ஓடவே கூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம். இதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாமல் கூட்டுவது கைதேர்ந்தவன் செய்கிற வேலை, நிறுத்திவிட்டுக் கூட்டுவதை யாரும் செய்வார்கள் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

இரவு 11.40

2023 மே 8ஆம் திகதி. ஏப்ரல் மாதத்துக் கொழுந்துக்கான சம்பளக் கணக்கு. ஏப்ரலில் கொழுந்து நிறைய வரும், மேல் கிலோவும் நிறைய விழும். அந்த மாதம்தான் புதிதாக இரண்டு தோட்டங்களின் கணக்கும் எங்களிடம் வந்திருந்தது. ஐந்து தோட்டத்துக்குப் போதுமாக இருந்த 8 ஜீபி ஏழு தோட்டத்துக்குப் போதுமா என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டியவன் நான்.

இரவு ஒன்பது மணிக்குக் கணக்கை ஓட விட்டேன். பதினொன்றரைக்கெல்லாம் திரை இழுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு எழுத்தைத் தட்டினால் அது திரையில் வந்து விழ இரண்டு மூன்று விநாடி எடுத்தது. மெமரியைப் பார்த்தேன். மிச்சம் 150 எம்பி கூட இல்லை. மெமரி போதாதபோது டிஸ்கில் பாவிக்கும் 2 ஜீபி ஸ்வொப் முழுவதும் நிறைந்திருந்தது. ஐந்தாவது தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை. அலுவலகத்தில் நானும் காவலாளி ஐயாவும் மட்டும்.

இரண்டு வழி இருந்தது. கணக்கை நிறுத்தி, வீஎம்மை மூடி, மெமரியைக் கூட்டி, மறுபடி எழுப்பி, முதலிலிருந்து ஓட விடுவது ஒன்று. மூடி எழுப்ப மூன்று நிமிடம் போதும். ஆனால் ஓடிய இரண்டு மணி நாற்பது நிமிடம் வீண். மற்றது, ஓட ஓடவே 8 ஜீபியைச் சொருகிவிடுவது. அதற்கான அமைப்புத் துண்டு (எக்ஸ்எம்எல்) ஏற்கனவே என் ஃபோல்டரில் இருந்தது. சில வரிதான். நான் ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை என்பதுதான் உண்மை. நேரம் 11.40. கொமாண்டைத் தட்டி என்டரை அழுத்தினேன். சேர்வர் பக்கம் உடனே பதில் வந்தது: டிவைஸ் வெற்றிகரமாக இணைக்கப்பட்டது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

வீஎம்முக்குள் போய்ப் பார்த்தால், மொத்த மெமரி இன்னும் பழைய 8 ஜீபியாகவே காட்டியது. அப்புறம் திரை அசையவில்லை. பத்து விநாடி, இருபது விநாடி. பிறகு கேர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், பதிவில் அந்த வரி வந்து விழுந்தது: மெமரி தீர்ந்துவிட்டது, போஸ்ட்கிரெஸ் (எங்கள் தரவுத்தள மென்பொருள்) புராசஸ் கொல்லப்பட்டது. அது விழுந்து சில விநாடிக்குள், புதிய மெமரியின் துண்டுகள் ஒவ்வொன்றாக ஒன்லைனுக்கு, அதாவது பாவனைக்கு, வந்தன. ஒரு துண்டு 128 எம்பி, மொத்தம் 64 துண்டு. எல்லாம் வந்து முடிந்தபோது அந்த இயந்திரத்தில் கிட்டத்தட்ட 16 ஜீபி இருந்தது, பெரும்பகுதி காலியாக. அதை நிரப்ப வேண்டியிருந்த கணக்கு மட்டும் இல்லை.

போஸ்ட்கிரெஸ்ஸில் ஒரு பின்னணிப் புராசஸ் இப்படிக் கொல்லப்பட்டால், பொது மெமரி கெட்டுப்போயிருக்கலாம் என்று தலைமைப் புராசஸ் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மீட்புக்குப் போகும். அதன் பாதுகாப்பு அப்படி, அது சரியும்கூட. தரவு ஒன்றும் கெடவில்லை. ஆனால் எங்கள் புறோகிராம் ஏழு தோட்டத்தையும் ஒரே பரிமாற்றமாக வைத்து ஓட்டியது. ஐந்தாவது தோட்டத்தில் செத்தால் முதல் நான்கும் சேர்ந்து போகும். எல்லாம் பூச்சியத்துக்குத் திரும்பியது. நள்ளிரவில் மறுபடி தொடங்கி, முடித்துச் சரிபார்த்தபோது விடிந்து நெடுநேரமாகியிருந்தது. ஐந்து தோட்டத்தின் கோப்பு நேரத்துக்குப் போனது. இரண்டு தோட்டத்தினது வங்கியின் நேரத்தைத் தவறவிட்டது. அந்த இரண்டு தோட்டத்திலும் சம்பளம் 11ஆம் திகதிதான் விழுந்தது.

அதில் ஒன்று என் சின்னம்மா வேலை செய்யும் தோட்டம். பத்தாம் திகதி பின்னேரம் அவர் கோல் எடுத்தார். "தம்பி, சம்பளம் நாளைக்காம். கம்பியூட்டர் ஒடஞ்சிருச்சுன்னு ஐயா சொல்றாரு. ஒனக்கு ஏதும் தெரியுமா?" கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். "அது பரவாயில்ல, நாளைக்கு வந்துரும்ல" என்றார். கம்பியூட்டர் உடையவில்லை, நான்தான் என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஏன் செத்தது

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மூன்று நாள் பிடித்தது. கண்டுபிடித்தபோது உடம்பு சில்லிட்டது. லினக்ஸ் தன்னிடம் இருக்கும் மெமரியை 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கணக்குக் குறிப்பு உண்டு, 64 பைட். புதிதாக 8 ஜீபி வந்தால் ஏறத்தாழ 21 இலட்சம் பக்கம். அத்தனைக்கும் குறிப்பு எழுத 128 எம்பி வேண்டும். சரி, அந்த 128 எம்பி எங்கிருந்து வரும்? புதிதாக வந்த மெமரியிலிருந்து என்றுதான் நான் நினைத்திருந்தேன். வழக்கமான அமைப்பில் அது பழைய மெமரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. புதியது இன்னும் ஒன்லைனுக்கு வரவில்லையே, அதில் எதையும் எழுத முடியாதே. மிச்சமிருந்த 150 எம்பிக்கும் குறைவான இடத்தில், நான் உதவிக்கு அனுப்பிய மெமரியே 128 எம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அதோடும் நிற்கவில்லை. துண்டுகளை ஒன்லைனுக்குக் கொண்டுவருகிற வேலையை நான் யூடெவ் விதி ஒன்றிடம் விட்டிருந்தேன். யூடெவ் என்பது கேர்னலுக்கு வெளியே ஓடும் சாதாரணப் புறோகிராம். மற்ற எல்லோரையும் போல அதுவும் மெமரி கேட்டு வரிசையில் நிற்க வேண்டும். கேர்னல் குறிப்புகளுக்கு இடத்தை எடுத்துவிட்டது, திறந்துவிட வேண்டிய ஆளோ மூச்சுத் திணறிக்கொண்டு நிற்கிறது, அந்த இடைவெளியில் வேறு யாரோ ஒரு சின்னத் துண்டு மெமரி கேட்டிருக்கிறார்கள். கொடுக்க இல்லை. ஆகவே கேர்னல் இருப்பதிலேயே அதிக இடம் பிடித்திருப்பவரைத் தேடி வெளியேற்றியது. அதிக இடம் பிடித்திருந்தது சம்பளக் கணக்கு.

இது புதிய பிரச்சினையும் இல்லை. கேர்னல் எழுதுகிறவர்கள் இதை முன்பே கண்டு, வெளி உதவி இல்லாமல் கேர்னலே உடனுக்குடன் துண்டுகளை ஒன்லைன் ஆக்கும் வசதியை 2016இலேயே சேர்த்துவிட்டார்கள். 5.13 கேர்னலிலிருந்து, குறிப்புகளைப் புதிய மெமரிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் தெரிவும் இருக்கிறது. ஆனால் அதை நாம்தான் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். நான் போட்டிருக்கவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு

அந்த நாட்களில் எனக்கு ஓயாமல் நினைவுக்கு வந்தது எங்கள் லயத்துக் காம்பரா, தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு (திண்ணை). வெள்ளைக்காரன் காலத்தில், தனி ஆட்கள் வந்து சில வருடம் இருந்துவிட்டுப் போவார்கள் என்ற கணக்கில் கட்டியது. அதில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம். தம்பி பிறந்த வருடம், பின்பக்கம் ஒரு குசினியை இறக்கிக்கொள்ளத் தோட்டத்துரையிடம் எப்படியோ அப்பா அனுமதி வாங்கிவிட்டார். மாமாவும் அவருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைத் தொடங்கினார்கள். பழைய தகரம் பதினைந்து, பலகை, கம்பு, நாலு மூடை சீமெந்து.

பின்னேரம் மழை பிடித்துக்கொண்டது. சீமெந்து நனைந்தால் எல்லாம் போச்சு. மூடைகளைக் காம்பராவுக்குள் தூக்கி வந்தார்கள். பலகை நனையக் கூடாது என்று அதையும். தகரத்தை வெளியே விட்டால் இரவில் யாராவது கொண்டுபோவார்கள் என்று அதையும். எனக்கு அப்போது ஆறு வயது. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே நடக்க இடமில்லை. அம்மா கைக்குழந்தையோடு மூலையில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருந்த பெரிய சாமான் அம்மாயியின் கட்டில். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மாயிக்கு விளங்கிவிட்டது. "நான் பக்கத்து வூட்டுல படுத்துக்கிறேன்ப்பா" என்று தலையணையை இடுக்கிக்கொண்டு, கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாத்தினார்கள். நான்கு இரவு அவர் அங்கேதான் படுத்தார்.

குசினி நல்ல குசினிதான். அம்மா இருபது வருடத்துக்கு மேல் அதில் சமைத்தார். ஆனால் அந்தக் காம்பராவைக் கட்டியவர்கள் பின்னால் ஒரு கதவு வரும் என்று நினைத்துக் கட்டியிருந்தால், இஸ்தோப்பில் ஒரு ஓரமாவது மூடி வைத்திருந்தால், அம்மாயி அன்றைக்கு மழையில் இறங்கியிருக்கத் தேவையில்லை. கூட்டிக் கட்டுவதற்குக் கொஞ்சம் இடம் முதலில் வேண்டியிருக்கிறது. நெருக்கடி உச்சத்துக்கு வந்தபிறகு அந்த இடம் யாரிடமாவது பிடுங்கித்தான் வரும்.

யார் வாங்கிக்கொள்கிறார்கள்

அந்த இரவுக்குப் பிறகு நான் இன்னொன்றையும் கவனிக்கத் தொடங்கினேன். இயந்திரத்துக்குக் கொடுப்பது வேறு, அதில் குடியிருக்கும் புறோகிராம்கள் அதை வாங்கிக்கொள்வது வேறு. போஸ்ட்கிரெஸ் தரவை நினைவில் வைத்துக்கொள்ளும் பொது பஃபர் எவ்வளவு என்பது அது எழும்போதே முடிவாகிவிடுகிறது. எங்களுடையது 2 ஜீபி. வீஎம்முக்கு 16 வந்தாலும் 32 வந்தாலும், மறுபடி தொடங்கும் வரை அது 2 ஜீபிதான். மிச்சத்தைக் கேர்னல் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், அதனால் கொஞ்சம் நன்மை உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் இதற்கு இணையான பஃபரை 5.7 பதிப்பிலிருந்து ஓடும்போதே மாற்றலாம். ஜாவா புறோகிராம் என்றால் அதன் உச்ச மெமரி அது தொடங்கும்போதே முடிவாகிவிடும். வெளியே எத்தனை ஜீபி கொட்டிக் கிடந்தாலும் அது அந்த எல்லையில் முட்டி விழும். எங்கள் அறிக்கைச் சேர்வர் ஒரு ஜாவா புறோகிராம். அதற்கு ஒரு முறை சிரமப்பட்டு 4 ஜீபி கூட்டிவிட்டு, மெமரி பற்றவில்லை என்ற அதே பிழையை அடுத்த நாளும் பார்த்தேன்.

சிபியுவும் அப்படித்தான். ஓடும் வீஎம்முக்கு இரண்டு சிபியு கூட்டினால், உள்ளே அவை தெரியும், ஆனால் சில லினக்ஸ்களில் ஒவ்வொன்றுக்கும் ஒன்லைன் என்ற கோப்பில் 1 என்று எழுதிவிட்டால்தான் வேலைக்கு வரும். வந்தபிறகும், தொடங்கும்போது சிபியுவை எண்ணிப் பார்த்து அத்தனை வேலையாட்களை எழுப்பிக்கொண்ட புறோகிராம்கள் பழைய எண்ணிக்கையிலேயே நிற்கும்.

வீஎம் ஓட்டும் மற்ற மென்பொருள்களில் இந்த முன்யோசனை வேறு வேறு வடிவத்தில் இருக்கிறது. வீஎம்வெயாரில் ஓட ஓடக் கூட்டும் வசதியை இயந்திரம் நிறுத்தப்பட்டிருக்கும்போதுதான் இயக்கி வைக்க முடியும், இயல்பாக அது மூடித்தான் இருக்கும். அவசரம் வந்தபிறகு திறக்கலாம் என்று போனால், திறக்கவே நிறுத்த வேண்டியிருக்கும். அப்படியானால் எல்லா வீஎம்மிலும் திறந்து வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சிபியு கூட்டும் வசதியைத் திறந்தால், சேர்வரின் எந்த மெமரி எந்தச் சிபியுவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற தகவல் வீஎம்முக்குப் போகாமல் நெடுங்காலம் அதில் இருந்தது. பெரிய தரவுத்தளத்துக்கு அது வேகக் குறைவு. ஹைப்பர்-வீயில் 2016 சேர்வர் பதிப்பிலிருந்து, நிலையான மெமரி கொடுத்த இயந்திரத்துக்கும் ஓடும்போதே கூட்டலாம், குறைக்கலாம். சிபியு எண்ணிக்கையை மாற்ற நிறுத்தித்தான் ஆக வேண்டும்.

கொடுத்ததைத் திருப்பி எடுப்பது

சம்பள வாரம் முடிந்ததும் அந்த 8 ஜீபியைத் திருப்பி எடுத்து அறிக்கைச் சேர்வருக்குக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். சொருகியதைக் கழற்றுவதுதானே. கழற்றச் சொன்னால் இயந்திரம் மறுத்துவிட்டது. புதிய மெமரி வந்த சில நாளில் கேர்னல் தன் சொந்தச் சாமான்களை அங்கங்கே வைத்துவிட்டிருந்தது. சாதாரணப் புறோகிராமின் பக்கங்களை வேறிடத்துக்கு நகர்த்தலாம். கேர்னலின் சொந்த அட்டவணைகளை அப்படி நகர்த்த முடியாது. ஒரு துண்டில் அப்படி ஒரே ஒரு பக்கம் இருந்தாலும் அந்தத் துண்டு முழுவதும் கழன்று வராது. ஒரு துண்டு வராவிட்டால் முழு 8 ஜீபியும் வராது.

இதற்கும் முன்யோசனை இருக்கிறது. புதிய மெமரியை 'நகர்த்தக்கூடியது' என்ற பிரிவில் ஒன்லைன் ஆக்கினால் கேர்னல் தன் சாமான்களை அதில் வைக்காது, பின்னால் கழற்றும் வாய்ப்புக் கூடும். ஆனால் மெமரியில் பெரும்பங்கை அந்தப் பிரிவிலேயே போட்டால், கேர்னலுக்குத் தன் வேலைக்கு இடம் போதாமல் போகும். பலூன் என்று இன்னொரு வழி. வீஎம்முக்குள் ஒரு டிரைவர் மெமரியைத் தானே விழுங்கி வைத்துக்கொண்டு, அதைச் சேர்வருக்கு விட்டுக்கொடுக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு வீடு சுருங்கியதுபோல இருக்கும். மூன்றாவது, 2020இல் லினக்ஸ் 5.8இல் வந்த வேர்ட்டியோ-மெம். ஒரே கட்டையாகச் சொருகாமல் சின்னச் சின்னத் துண்டாகக் கூட்டியும் குறைத்தும் செய்ய இது உதவுகிறது. நாங்கள் இப்போது இதைத்தான் பாவிக்கிறோம், நல்ல பிள்ளை. டிஸ்க் விஷயத்தில் நான் குறைப்பதைப் பற்றியே யோசிப்பதில்லை. நாங்கள் பாவிக்கும் எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை ஓட ஓட வளரும், நடைமுறையில் சுருங்காது. கொடுத்தால் கொடுத்ததுதான்.

மூன்று நிமிடம்

என்னை நீண்ட நாள் உறங்கவிடாமல் செய்தது இவை எதுவும் இல்லை. ஏன் அந்த மூன்று நிமிட நிறுத்தத்துக்கு நான் அவ்வளவு பயந்தேன்?

அதற்கு முந்தைய வருடம், 2022 மார்ச் கடைசியில், நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை. கரண்ட் எடுக்கும் நீர்த்தேக்கங்களான காசல்ரீயும் மவுஸ்ஸாக்கலையும் எங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன, மேல் கொத்மலை தலவாக்கலையில் இருக்கிறது, ஆனால் லயத்தில் குப்பி விளக்கு. ஜெனரேட்டருக்கு டீசல் கிடையாது. அந்த நாட்களில் நாங்கள் ஐந்து வீஎம்மையும் தினமும் ஒழுங்காக மூடி, கரண்ட் வந்ததும் ஒழுங்காக எழுப்பினோம். எதை முதலில் மூடுவது, எதைக் கடைசியில், எழுப்பும்போது எது முதலில் என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சம்பளம் ஒரு மாதமும் பிந்தவில்லை. கரண்ட் அட்டவணையைப் பார்த்து, கணக்கை இரண்டு நாள் முன்னாலேயே தோட்டம் தோட்டமாகப் பிரித்து ஓட்டினோம். ஒரு வருடம் கழித்து, கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியபிறகு, அந்தத் தாளைக் கழற்றி எறிந்தது நான்தான். ஏழு தோட்டத்தையும் ஒரே மூச்சில் ஓட விடவும் தொடங்கினோம்.

நிறுத்தவே கூடாத இயந்திரங்கள் உலகத்தில் உண்டு. ஆஸ்பத்திரியில் உண்டு, தொலைபேசி வலையில் உண்டு. அங்கே வேலை செய்பவர்களுக்கு ஓட ஓட மாற்றும் வசதி உயிர் மாதிரி. எங்களுடையது மாதத்தில் நான்கு இரவு கடுமையாக உழைத்துவிட்டு மிச்ச நாள் சும்மா இருக்கிற இயந்திரம். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. மே மாதத் தொடக்கத்திலேயே இரண்டு தோட்டம் கூடியது எனக்குத் தெரியும். அன்றைக்கே மூன்று நிமிடம் நிறுத்தியிருக்கலாம். அல்லது, மெமரி பாதி காலியாக இருந்த அந்த நேரத்தில் ஓட ஓடவே கூட்டியிருக்கலாம், 128 எம்பி போனது யாருக்கும் உறைத்திருக்காது. அதே கொமாண்ட்தான், ஒரு வாரம் முன்னால் தட்டியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தவன், மறுநாள் காலை அந்தத் தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பரீட்சைக்கு ஒரு வீஎம் எழுப்பி, 2 ஜீபி கொடுத்து, ஸ்வொப்பை எடுத்துவிட்டு, தரவுத்தளத்தில் ஒரு பெரிய கேள்வியை ஓட விட்டு மெமரியை விளிம்புவரை நிரப்பினேன். "இப்ப 8 ஜீபி கூட்டு" என்றேன். கூட்டினான். போஸ்ட்கிரெஸ் செத்தது. அவன் பதிவை மேலும் கீழும் இரண்டு முறை வாசித்தான். "நம்மதானே அண்ணே குடுத்தோம்?" என்றான். நான் 64 பைட் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன், அவன் கல்குலேட்டரில் தானும் ஒரு முறை போட்டுப் பார்த்தான். "அப்ப எப்பண்ணே கூட்டணும்?" என்று கேட்டான். சம்பளக் கணக்கு வீஎம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்து, உச்சவரம்பு எழுதிய வரியையும், பக்கத்தில் நான் குறித்து வைத்திருக்கும் எண்ணையும் காட்டினேன். பயன்பாடு 60 வீதம்.

சின்னம்மாவிடம் போன தீபாவளிக்குத்தான் சொன்னேன். அன்றைக்குக் கம்பியூட்டர் உடையவில்லை, நான் செய்த பிழை என்று. அவர் பலகாரத் தட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னைக்கு மத்தவங்கெல்லாம் ஐயாவத்தான் ஏசினாங்க" என்றார். நான் அடுத்த வாரம் அந்தத் தோட்டத்து அலுவலகத்துக்குப் போய் கிளாக்கர் ஐயாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மாதம் 8ஆம் திகதி பின்னேரம் ஐந்து மணிக்கு, கணக்கு தொடங்க நான்கு மணி நேரம் இருக்கும்போதே, தம்பியே 4 ஜீபி கூட்டினான். உள்ளே போய் ஒவ்வொரு துண்டாக எண்ணிப் பார்த்தான், பெரிய சத்தமாக. அப்புறம் 2022இல் இருந்த மாதிரி ஒரு தாளில் வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டினான். தோட்டம் தோட்டமாகப் பிரித்து ஓட்டினோம், ஒவ்வொன்றும் தனிப் பரிமாற்றம். 9ஆம் திகதி காலை பத்து மணிக்கு ஏழு கோப்பும் வங்கிக்குப் போயின.